கருமாதிச் சோறும் உங்கள் ஆடுகளும்

தழை ஒடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னை வாசலில் வரவேற்கும் என் அண்ணிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அண்ணன் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான். உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆடுகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. மீதியும் கைமாறிப் போயிருக்க வேண்டியவை. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் நம்முடையது. காவிரி தஞ்சாவூரைத் தாண்டி, வழியில் இருக்கிற எல்லா வாய்க்காலுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் நம்மிடம் வரும். நம் நிலத்தில் பாதி நெல், பாதி முள்ளும் மணலும். நெல் பாதி அண்ணனுடையது, முள் பாதி உங்களுடையது. அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நீங்கள் வாழவந்த கொஞ்ச நாளிலேயே அப்படி ஆகிவிட்டது. அவர் உங்கள் பக்கம் வருவதில்லை, பயிர் நிற்கிற வரைக்கும் உங்கள் ஆடுகள் அவர் பக்கம் போவதில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரை வந்தவர்களிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது என் வேலை. நெல் விளைகிற ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று உங்களிடம் புலம்பியிருக்கிறேன். "உன் பேஷண்டுகளை விட என் ஆடுங்க சொன்ன பேச்சு கேக்கும் வசந்தி, இங்க வேலைக்கு வந்துடு" என்பீர்கள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் உங்கள் பின்னாலேயே நடப்பேன். வருஷம் முழுக்க அவை என்ன தின்கின்றன என்பதை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். தையில் அறுவடை முடிந்தால் வயல் காலி என்று டவுனில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நெல் நிற்கும்போதே உளுந்து தெளித்துவிடுவதால், அறுத்த தாளுக்கு நடுவே அது முளைத்து நிற்கும். அதில் ஆடு வாய் வைத்தால் ஊரே சண்டைக்கு வரும். பங்குனியில் உளுந்து பிடுங்கிய பிறகுதான் உங்கள் ஆடுகளுக்கு வயல் திறக்கும். உதிர்ந்த இலை, களத்தில் கிடக்கும் தோலும் பொட்டும், காய்ந்த கொடி என்று அவை நன்றாகத் தேறுவது அப்போதுதான். மிஞ்சும் கொடியைக் கட்டுக்கட்டாகக் கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவீர்கள்.

சித்திரையிலும் வைகாசியிலும் புல் என்று ஒன்று இருக்காது. அப்போது கருவை மரத்து நெற்றுதான் தீனி. காய்ந்து மஞ்சளாக உதிர்ந்த நெற்றை ஆடு கடிக்கும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அதையே தின்றால் வயிறு கெடும் என்று கிளுவை, ஒதியன், பூவரசு எல்லாம் கலந்து ஒடித்துப் போடுவீர்கள். ஆவணியில் முதல் மழை வந்தால் புல். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான் உண்மையான பஞ்சம். எங்கே பார்த்தாலும் பச்சை, அத்தனையும் நெல், ஒரு வாய் வைக்க முடியாது. ஆடுகளைக் கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் தழை பறிக்கும் தொரட்டியோடு நீங்கள் அலைவீர்கள்.

ஆட்டின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, ஆடு தின்பதை அவைதான் முதலில் சாப்பிடுகின்றன, அவை புளிக்கவைத்துக் கொடுப்பதில்தான் ஆடு பிழைக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு வந்து சொன்னேன். நெற்று தின்னும் காலத்தில் ஒரு கூட்டம், புல் தின்னும் காலத்தில் வேறு கூட்டம், ஒன்று போய் இன்னொன்று குடிவரச் சில நாட்கள் ஆகும் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப நான் ஆட்டுக்குச் சமைக்கல. உள்ள இருக்கற வீட்டுக்காரங்களுக்குச் சமைக்கிறேன்" என்றீர்கள். அதற்கப்புறம் தீவனம் மாற்றும்போதெல்லாம், "வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டுத்தான் மாத்தணும்" என்று பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பீர்கள். நான் சொல்வதற்கு முன்பும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு கைப்பிடி சோறு கூட நீங்கள் அவற்றுக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் போனது சித்திரைக் கடைசி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

கருமாதிக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலையில் வைத்துப் படைப்பதுதானே வழக்கம்? உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சமையல்காரர் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எது வச்சாலும் சாப்பிடுவா" என்று சொன்னாராம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சாதம், சாம்பார், வடை, பாயசம் என்று எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது.

காக்கைக்கு வைத்தாயிற்று. பந்தி முடிந்தது. உங்களுக்குப் படைத்த இலையையும், அண்டாவில் மீந்த சோற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணன் கொல்லைப் பக்கம் போயிருக்கிறார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு எது பிடிக்கும் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. உங்கள் பங்கை உங்கள் ஆடுகளுக்குக் கொடுத்தார். பாயசத்தையும் சோற்றிலேயே ஊற்றிப் பிசைந்திருக்கிறார், குழந்தைக்குப் பிசைகிற மாதிரி.

நம் ஊரில் ஒருவரை மதிப்பது என்றால் அவருக்குச் சோறு போடுவது. அண்ணனுக்கு வேறு விதமாக மதிக்கத் தெரியாது. மாதக்கணக்காகக் காய்ந்த இலையும் நெற்றும் தின்றுகொண்டிருந்த வயிற்றில் ஒரே நாளில் அத்தனை சோறு இறங்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சோறு உள்ளே போனதும் நொதித்துப் புளித்து அமிலமாகிவிடும். அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் செத்துப்போவார்கள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவப் போன பெண்தான் வந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தபோது நாலைந்து ஆடுகள் படுத்தே கிடந்தன. வயிறு உப்பியிருந்தது. கையை வைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர்ப்பை ஆடுகிற மாதிரி ஆடியது. சினையாக இருந்த கருப்பி நின்றுகொண்டுதான் இருந்தாள். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். அசை போடவில்லை.

போன் செய்ததும் கால்நடை டாக்டர் வந்துவிட்டார். சின்னப் பெண். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"என்னங்க சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தாம்மா. மேஞ்சுட்டு வந்துச்சு" என்றார் அண்ணன்.

"புதுசா எதுவும் குடுக்கலையே? அரிசி, தவிடு, மாவு?"

"இல்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. கருவைக் காட்டில் பூச்சிமருந்து அடித்த எதையாவது தின்றிருக்குமோ என்று ஒருவர் கேட்டார். டாக்டர் அதற்கு ஒரு மருந்தை எடுக்கப் போனார். நம் பெரியம்மா பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார்.

"மருந்தெல்லாம் எதுக்கும்மா? அவ கூப்பிட்டுக்கிறா. தனியா இருக்க முடியாம ஒண்ணொண்ணா கூப்பிட்டுக்கிறா."

நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு குரல். அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அவ ஏன் கூப்பிடுறா? அவ ஒண்ணும் கூப்பிடல" என்று கத்தினார். "நான்தான் சோத்தப் போட்டேன். அவளுக்குப் படைச்ச சோத்த. பாயசத்தோட. போதுமா?"

அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் எடுத்த ஊசியைக் கீழே வைத்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாங்க ஐயா" என்றார், கோபமே இல்லாமல். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சமையல்காரர் போண்டாவுக்கு வைத்திருந்த சோடா உப்பு முழுவதையும் வாங்கித் தண்ணீரில் கரைத்தோம். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுக்க, அண்ணன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பாட்டிலால் புகட்டினேன். பிறகு ஊசி. படுக்க விடாமல் நடத்தச் சொன்னார். கருமாதிக்கு வந்த உறவுக்காரர்கள், சலவை வேட்டியும் நல்ல புடவையுமாக, ஆளுக்கு ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நடந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பெரியம்மாவும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

காது மடிந்த கிடாயும், போன வருஷத்துப் பெட்டை ஒன்றும் மறுநாள் காலைக்குள் செத்துவிட்டன. கருப்பி பிழைத்தாள். ஆனால் குட்டி தங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் கலைந்துவிட்டது.

அண்ணன் என்னைக் கேட்கவேயில்லை. நாகூர் சாகுல் பாய்க்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டார். உங்களிடம் வருஷா வருஷம் கிடா வாங்குகிறவர், உங்களைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறவர். வந்தவர் முதலில் உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க பாய். ஒண்ணு விடாம" என்றார் அண்ணன்.

"பெட்டையுமா?"

"பெட்டையுந்தான். என்னால இதுங்க மூஞ்சியப் பாக்க முடியல."

எனக்குக் கோபம் வந்தது. "உங்க கண்ணுக்கு முன்னால இருக்கக் கூடாதுன்னு, அண்ணி வளர்த்த மந்தைய அழிக்கறதா?" என்றேன்.

"நீ தஞ்சாவூருக்குப் போயிடுவ. தெனமும் தழை ஒடிக்கிறது யாரு? எனக்கு எது என்ன இலைன்னுகூடத் தெரியாது. சோறு போட்டு ரெண்டக் கொன்னேன். இலையப் போட்டு மிச்சத்தையும் கொல்லவா?"

"தெரியலன்னா தெரிஞ்சுக்க வேண்டியதுதான்."

"யார்கிட்ட கேக்கறது? அவ இருக்காளா?"

சாகுல் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணனும் தங்கச்சியும் ஒரு முடிவுக்கு வாங்க. நான் கடைத்தெருவுல ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். அவசரமில்ல, ரெண்டு டீ கூடக் குடிப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் மழை வரைக்கும் என்று கேட்டேன். அதுவரை வைத்துப் பாருங்கள், முடியவில்லையென்றால் நானே பாய்க்குப் போன் செய்கிறேன் என்றேன். பாய் திரும்பி வந்தபோது அண்ணன், "நீங்க போயிட்டு வாங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கினேன். கேட்க ஆள் இல்லாததால் ஆடுகளையே பார்த்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். கருப்பி தேறி வெளியே நடந்த முதல் நாள் நாங்கள் இருவரும் அவள் பின்னால் போனோம். வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, கிளுவையில் ஒரு வாய். நாலடி தள்ளிப் பூவரசில் கொழுந்தை விட்டு முற்றிய இலையாக ஒரு வாய். கீழே ஒரு நெற்று. மறுபடி வேறு ஏதோ ஒரு செடி. எதிலும் நின்று வயிற்றை நிரப்பவில்லை. அண்ணன் அவள் கடித்த ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வந்தார். உங்கள் பாதி நிலத்தில் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இவ்வளவு இருக்கா இங்க" என்றார் ஒரு இடத்தில். என்னிடம் சொன்னாரா, உங்களிடம் சொன்னாரா?

அன்றைக்குப் பிறகு தழை ஒடிப்பது அவர் வேலையானது. முதலில் மோசமாகத்தான் ஒடித்தார். கிளையையே முறித்துக்கொண்டு வந்து போடுவார். உங்கள் பக்கத்து வயல் மாணிக்கம் பார்த்துவிட்டு, "மாமா, ஆட்டுக்குத் தழையா, அடுப்புக்கு விறகா?" என்று கேட்டாராம். தஞ்சாவூர் போய்விட்டு ஆடியில் நான் வந்தபோது ஒழுங்காக நுனி நுனியாக ஒடிக்கப் பழகியிருந்தார். கையெல்லாம் முள் கீறல். பரணிலிருந்து உளுந்துக் கொடியை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்களை விடக் கஞ்சம்.

முதல் மழை ஆவணியில் வந்தது. போன் செய்து, புதுப்புல்லில் அப்படியே விட்டுவிட வேண்டாம், துள்ளுமாரி வரும் என்று சொல்ல நினைத்தேன். நன்றாக இருக்கிற ஆடு இளம்புல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் துள்ளி விழுந்து செத்துப்போகும் நோய் அது. எனக்கு முன்னால் அவரே போன் செய்தார்.

"ஊசி போன வாரமே போட்டாச்சு. டாக்டரம்மா வந்து போட்டுச்சு" என்றார். "காலையில கட்டி வச்சுக் காஞ்ச கொடியப் போட்டுட்டு, வெயில் ஏறுனப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் அவுத்து விட்டேன். அதுங்களுக்கு என்மேல கோவம்."

"எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

"வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டுத்தானே மாத்தணும்" என்றார்.

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நீங்கள் எப்போது சொன்னீர்கள்? சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போதா? அவர் காதில் விழவே விழாது என்று நாம் இருவரும் நினைத்த பேச்சில் இன்னும் எவ்வளவு அவரிடம் இருக்கிறது?

மழை வந்துவிட்டது, பாய்க்குப் போன் செய்யவா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. போன வாரம் சாகுல் பாய் தானாகவே வந்திருக்கிறார். அண்ணன் அவருக்கு இரண்டு கிடாய்களைக் கொடுத்தாராம். பெட்டை எதுவும் இப்போது கிடையாது என்று சொல்லிவிட்டாராம். கருப்பி மறுபடி பருவத்துக்கு வந்தாள். சினை நின்றதா என்று இன்னும் தெரியாது.

இந்தப் புரட்டாசியில் நான் வந்து பார்த்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சம்பாவுக்கு நேரடி விதைப்பு எல்லோரும் முடித்துவிட்டார்கள். அண்ணனும் முடித்துவிட்டார், வீட்டை ஒட்டிய மேட்டு வயலைத் தவிர. மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடுகிற நல்ல வயல். புயல் வந்த வருஷம்கூட அதில் ஒரு பிடி நெல் வீட்டுக்கு வந்தது. அதில் பார் பிடித்து வேலிமசால் என்ற தீவனப் பயிரை விதைத்திருக்கிறார். வரப்பைச் சுற்றி அகத்தி. முளைத்து விரல் உயரம் நிற்கிறது.

மாணிக்கத்தால் தாங்க முடியவில்லை. நான் இருக்கும்போதே வரப்பில் நின்று கேட்டார்.

"என்ன மாமா, நெல்லு வயல்ல ஆட்டுத் தீனி? நாம கெடைக்காத தண்ணிக்கு ரோட்டுல உக்காந்தது இதுக்குத்தானா?"

"ஐப்பசியில என் ஆடு உன் நெல்லுல வாய வச்சா என்ன பண்ணுவ?"

"கால உடைப்பேன்."

"அதுக்குத்தான்" என்றார் அண்ணன். "ஒன் நெல்லும் தப்பிக்கும், அது காலும் தப்பிக்கும். போய் வேலையப் பாரு."

நெல்லைத் தவிர இன்னொன்றை அந்த மனிதர் ஒரு வயலில் விதைத்து நான் பார்த்ததில்லை. ஏன் இப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எருது, உழவு, மண் என்று ஏதாவது பேசிவிட்டு எழுந்து போயிருப்பார். களை பறித்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "மழையில அவ தொரட்டியத் தூக்கிக்கிட்டுப் போவா. நான் உள்ள உக்காந்து சோறு திம்பேன்." அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டார்.

டாக்டரிடம் விசாரித்தோம். விதைத்து மூன்று மாதத்தில் முதல் அறுப்பாம். அப்படிப் பார்த்தால் மார்கழிக்கு வந்துவிடும். அண்ணனுக்கு அறுக்கத் தெரியும், இந்தச் செடியை எந்த உயரத்தில் விட்டு அறுப்பது என்று தெரியாது. எனக்கும் தெரியாது. கற்றுக்கொள்வோம். அந்த வாரத்துக்கு லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். கொட்டுகிற மழையாக இருந்தாலும் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். முதல் நாள் ஒரு கைப்பிடிதான் கொடுப்போம், பழைய தழையில் கலந்து. உங்கள் பெட்டைகளில் ஒன்றுகூட இந்த மார்கழியில் பட்டினி கிடக்காது. இது நானும் அண்ணனும் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் நாத்தனார்,
வசந்தி